அரை சென்டி குறையுது

இதைப் பேய்க் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

சட்டை தைக்கும் கம்பெனியில் நான் தரம் பார்க்கும் சூப்பர்வைசர். ஆபரேட்டர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயர் 'கத்தரி'. தெரியும். எனக்கு அது பிடித்தும் இருந்தது. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். கோபம் வந்தால் அதன் இரண்டு முனையையும் பிடித்து இழுத்து இழுத்துத் திட்டுவேன். கோபம் எனக்கு அடிக்கடி வரும்.

சிவப்பு அட்டை என்னுடைய யோசனை. மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு மிஷினிலும் ஏழு பீஸ் எடுத்து அளப்பேன். பிழை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர், மிஷினில் சிவப்பு அட்டை. மூன்று அட்டை விழுந்தால் ஆள் கேட்டுக்கு வெளியே. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், மிஷின் நம்பர்தான். ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. மேனேஜர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

பதினாலாம் நம்பர் மிஷின்காரி காலர் தைப்பவள். கைக்குழந்தைக்காரி. காலர் நாற்பது சென்டி இருக்க வேண்டும். என் டேப்பில் முப்பத்தொன்பதரை. காலையிலேயே இரண்டு அட்டை விழுந்தது. மூன்றாவதை 3.40-க்கு மாட்டினேன்.

"அக்கா, அளந்துதான் தைச்சேன். உங்க டேப்பை ஒரு தடவை பாருங்கக்கா. இந்த வேலையும் போச்சுன்னா எனக்கு நாதியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிளம்பு, பதினாலு."

தையல் லைனே சிரித்தது. அவள் அழுதுகொண்டே போனாள். 4.05-க்கு கேட் வாசலில் அவளை லாரி அடித்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான் போகவில்லை. பதினைந்தாம் மிஷினை அளந்துகொண்டிருந்தேன்.

அவள் செத்த ஒன்பதாம் நாள். பகல் 1.12. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்திருந்தார்கள். லைனில் நான் மட்டும்தான்.

கிர்ர்ர்ர்...

பதினாலாம் மிஷின். நூல் இல்லாமல் ஊசி ஓடிக்கொண்டிருந்தது.

"எவடி அது?" என்று அதட்டினேன்.

நின்றது.

கிட்டே போனேன். மிஷினில் ஒரு சிவப்பு அட்டை ஆடிக்கொண்டிருந்தது. நான் மாட்டவில்லை. அட்டையெல்லாம் பூட்டிய டிராயரில். சாவி என் இடுப்பில்.

1.15. கழுத்தில் டேப் நகர்ந்தது...

நான் தொடவில்லை.

மெல்லச் சுற்றியது... இறுகியது... பின்கழுத்தில் ஈரமாய் ஒரு விரல்.

"அரை சென்டி குறையுதுக்கா."

மூச்சு வரவில்லை.

1.30-க்கு வந்த செக்கிங் பெண்தான் என்னைத் தரையிலிருந்து தூக்கினாள்.

"என்னாச்சுக்கா? கழுத்துல யாரு ஸ்டிக்கர் ஒட்டினா?"

தடவினேன். அம்புக்குறி ஸ்டிக்கர். பிய்த்து எறிந்தேன். மயக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் மேனேஜர் எல்லோருடைய டேப்பையும் இரும்பு ஸ்கேல்மேல் வைத்துப் பார்த்தார். என்னுடையது இழுபட்டுப் போயிருந்தது. சரியான நாற்பதை அது முப்பத்தொன்பதரை என்று காட்டியது.

"பழைய டேப் நீண்டுடும்னு உனக்குத் தெரியாதா?" என்றார். குப்பையில் போட்டுவிட்டுப் புதிது கொடுத்தார். அவ்வளவுதான்.

பதினாலின் காலர்கள் ரிஜெக்ட் மூட்டையில் கிடந்தன. யாருக்கும் தெரியாமல் அளந்தேன். அத்தனையும் நாற்பது. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பதிவேட்டில் இன்றைக்கும் அவள் பெயருக்கு நேரே மூன்று சிவப்புதான்.

அன்று வீட்டுக்கு வந்து, என்னவோ தோன்றி, புது டேப்பால் என் கழுத்தை அளந்தேன். முப்பத்துமூன்று.

நேற்றுக் காலை முப்பத்திரண்டரை. பின்கழுத்தில் இரண்டாவது ஸ்டிக்கர்.

மூன்றாவது இன்னும் வரவில்லை. மூன்று விழுந்தால் வெளியே... நான் போட்ட சட்டம்தான்.

இதை எழுதும்போது மணி 3.32. எச்சில் விழுங்க முடியவில்லை. இப்போதுதான் மறுபடி அளந்தேன்.

முப்பத்திரண்டு.

டேப் புதுசு. அதைக் குறை சொல்ல வழியில்லை.