தென்னமெரிக்காவுக்கு ஒரு ராசா

நாடகத்தின் களத்தைத் தென்னமெரிக்காவில் வைத்ததற்குக் காரணம் கலை அல்ல. கனடாவில் வைத்தால் பிழை பிடிக்க யாரோ ஒருவருடைய மைத்துனர் அங்கே இருப்பார். ஆபிரிக்கா என்றால் அங்கே படிப்பித்துவிட்டு வந்த வாத்திமார் இங்கே லண்டனில் நிறையப் பேர். தென்னமெரிக்காவில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்று நம்பினேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் அப்போது இரண்டாகியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவிழாவில் குத்துவிளக்கு ஏற்ற என் அண்ணையை மூன்றாவதாக அழைத்துவிட்டார்கள். ஐந்து திரியில் மூன்றாவது! முன்னாள் தலைவர் அவர். எழுந்து போனார், சங்கத்தில் பாதியும் பின்னாலேயே போனது. நாடகப் பொறுப்பாளரான நான் மேடைக்குப் பின்னால் யாருக்கோ மீசை ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போக வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அதன்பிறகு மோர்டனில் இருக்கும் அண்ணை ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என்னோடு கதைக்கவில்லை. போன் எடுத்தால், "அவர் குளிக்கிறார்" என்பார் அண்ணி. ஒரு வருடமாகக் குளித்தார்.

அவரை நான் இருக்கிற மண்டபம் ஒன்றுக்குள் எப்படியாவது கொண்டுவர வேண்டும். அதற்காகத்தான் நாடகமே எழுதினேன். இரண்டு சங்கத்தாரையும் அழைத்தேன். விளக்கேற்றல் கிடையாது, ஃபயர் அலாரம் அடிக்கும் என்று சொல்லிவிட்டேன்.

கதை இதுதான். புதிதாகச் சுதந்திரம் பெற்ற ஒரு நாடு. போராடிய தளபதிகளில் ஒருவரை மற்றவர் அரசனாக ஏற்க மாட்டார். கடைசியில் ஐரோப்பாவிலிருந்து ஓர் இளவரசனைக் கப்பலில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அவன் பாவம், பாஷை படிக்கிறான், பாலம் கட்டுகிறான், கிழவனாகிறான். அப்போதும் ஊருக்கு அவன் வந்தான் வரத்தான், அந்நியன்தான். சங்கத்தை நினைத்து நான் எழுதவில்லை. இதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை.

ராசா வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. இந்தச் சங்கத்தவர் ராசாவானால் அந்தச் சங்கத்தவர் குடிமக்களாக நிற்க மாட்டார்களாம். பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரரைப் போய்க் கெஞ்சினேன். ஐடி வேலை பார்ப்பவர், எந்தச் சங்கத்திலும் இல்லை.

"ஏனுங்க, ராஜா எதுக்கு இவங்களோட கிடக்கறார்? சொந்த ஊருக்கே போயிடலாமில்லீங்க?" என்று கேட்டார்.

"போனால் நாடகம் முடிஞ்சுபோம்" என்றேன்.

அண்ணை வந்தார். அண்ணியோடு முன்வரிசையில் இருந்தார். தளபதிகள் சண்டை பிடித்தபோது மண்டபத்தில் ஒரு பக்கம் சிரித்தது, மறுபக்கம் இருமியது. அடுத்த காட்சியில் இருமியவர்கள் சிரித்தார்கள். ராசா கோயம்புத்தூர்த் தமிழில் ஆணை பிறப்பித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "உவர் எங்கடை ஆள் இல்லை எல்லோ?" என்றது. "ராசாவும்தான் இல்லை, பேசாமல் இரும் காணும்" என்றது இன்னொன்று.

கிழட்டு ராசா தன்னந்தனியாக இருந்து சாப்பிடுகிற காட்சியில் அண்ணை எழும்பினார். கோட்டைப் போட்டார். வெளியே போய்விட்டார். அண்ணி எழும்பவில்லை, அவருக்கு நாடகம் பிடித்திருந்தது போலும்.

சனியன் பிடித்த நாடகம்! பின்கதவால் ஓடினேன். அண்ணை காருக்குள் எஞ்சினைப் போடாமல் இருந்தார். என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

"அந்த ராசாவுக்குச் சகோதரம் ஒண்டும் இல்லையோ?"

ஒரு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வசனம் அது. அவரே தொடர்ந்தார்.

"அவ்வளவு வருசமா ஒருத்தரும் கப்பலேறி வந்து பாக்கேல்லையோ? தம்பி எண்டு ஒருத்தன் இருந்திருப்பான்தானே?"

"இருந்தவன் அண்ணை. எழுதினனான். அவன் வாசலிலை வந்து நிண்டு என்ன சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை. அந்தக் காட்சியை வெட்டிப்போட்டன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான் மறைக்கவில்லை.

அண்ணை என்னைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் சொல்லத் தேவையில்லையடா. வந்திருந்தாலே போதும்" என்றார். பிறகு எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.