காட்டில் பெயர் சொல்லாத பாக்கியம்

மரகதம் டீச்சர் எழுதிய தொடர்கதையை அவர் எழுதவில்லை என்று பத்திரிகை ஆசிரியரிடம் போய்ச் சொன்னவன் நான். தொடரை நிறுத்திய அறிவிப்பை எழுதியவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்தடித்தால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக்கூடும்.

போன மாதம் குளுவாங்கில் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். என் தலையில் வெட்டுவதற்கு அதிகம் இல்லை. அந்தக் கடையின் பவுடர் வாசனைக்காகப் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் டிவியில் காட்டு சாகசத் தொடர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி பெயர் பியா. இடுப்பில் துப்பாக்கி, முழங்கால்வரை பூட்ஸ், நகத்தில் சிவப்புச் சாயம். மனிதன் கால் படாத காடு என்றார்கள். பின்னால் மரங்கள் வரிசை பிடித்து நின்றன. எண்ணெய்க்காக நட்ட செம்பனைத் தோட்டம். பியா ஓடினாள், தடுக்கி விழுந்தாள், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். தூரத்திலிருந்து ஒருவன் "பியா! பியா!" என்று கத்தினான்.

"என்ன அங்கிள், தலைய ஆட்டுறீங்க? காது போயிரும்லா" என்றார் முடிவெட்டுகிறவர்.

"அந்தச் சுளுக்கு என்னோடது" என்றேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்தார்.

பவுடர் வாசனைக்குப் பின்னால் அச்சு மையின் வாசனை வந்து நின்றது. ஜொகூர் பாருவில் ஒரு காப்பிக்கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் நடந்த வாரப் பத்திரிகையில் நான் துணையாசிரியனாக இருந்தேன். எங்களுக்கு வரும் கதைகளில் பல, தமிழ்நாட்டு இதழ்களிலிருந்து சுட்டவை. கடற்கரையின் பெயர் மட்டும் நம் ஊர்ப் போர்ட்டிக்சன் ஆகியிருக்கும். சுண்டல் விற்பவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். அவற்றைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். ஆசிரியர் என்னை "நம்ம மோப்ப நாய்" என்று அறிமுகப்படுத்துவார். நானும் வாலாட்டாத குறையாக நிற்பேன்.

அப்போதுதான் காஹாங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரிடமிருந்து வாராவாரம் ஒரு தொடர்கதை வரத் தொடங்கியது. பாக்கியம் என்ற, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் பெண், பிரம்பு வெட்டப் போய்த் திரும்பாத அக்காள் புருஷனைத் தேடித் தனியாகக் காட்டுக்குள் போகிறாள். அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீரைக் காலில் தடவிக்கொள்கிறாள். பாட்டுப் பாடவில்லை. யாரும் அவளைக் காப்பாற்றவும் இல்லை. அடுத்த வாரத்துக்காக வாசகர்கள் உயிரை விட்டார்கள். எனக்கோ மூக்கு அரித்தது.

காரணம் இதுதான். தோட்டத்தில் நடக்கும் அத்தியாயங்களில் வரிக்கு வரி பாக்கியம், பாக்கியம் என்று இருக்கும். அவள் காட்டுக்குள் நுழைந்ததும் அந்தப் பெயரே மறைந்துவிடும். அவளைத் தேடி வந்தவர்கள்கூட அவளைக் கூப்பிடாமல், கம்பால் மரத்தை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். இரண்டு கைகள் எழுதிய கதை என்று முடிவுகட்டினேன். தோட்டம் டீச்சருடையது, காடு ஏதோ ஆங்கில நாவலுடையது. ஒட்டுப்போட்ட இடத்தில் பெயர் விடுபட்டிருக்கிறது.

டீச்சரை அலுவலகத்துக்கு வரவழைத்தோம். குடையை மடக்கிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தார்.

"இது நீங்களே எழுதுறதா, டீச்சர்?"

"இல்ல சார், எங்க வீட்டுப் பூனை எழுதுது. நான் பிழை திருத்தி அனுப்புறேன்."

"எந்த இங்கிலீஷ் புத்தகம்னு சொல்லிட்டீங்கன்னா பிரச்சினை இல்ல."

"அலமாக்! இங்கிலீஷ்காரனுக்கு எங்க காட்டு அட்டையப் பத்தி என்னா சார் தெரியும்?"

பெயர் ஏன் மறைகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் தன் சான்றை எதிராளியிடம் காட்டமாட்டான். காட்டினால் அது உடைந்துபோகுமே. "உறுதியாத் தெரியுமா?" என்று ஆசிரியர் கேட்டபோது, தெரியும் என்றேன். கால் ஒடிந்து கிடந்த அக்காள் புருஷனைக் கண்டுபிடித்துப் பாக்கியம் முதுகில் தூக்கிக்கொண்ட இடத்தில் தொடர் நின்றது. சொந்தப் படைப்பா என்ற ஐயத்தால் நிறுத்தப்படுகிறது என்று கட்டம் கட்டிப் போட்டேன். மரகதம் டீச்சர் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

பத்திரிகை மூடப்பட்டு நான் வானொலிக்கு நாடகம் எழுதப் போனபோது, சொந்தக்காரர் இல்லாத கதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாக்கியத்தை எடுத்துக்கொண்டேன். பாக்யா ஆக்கினேன். வானொலியில் முகம் தெரியாது, எனவே காடு முழுக்க அவள் பெயரைக் கத்தவைத்தேன். ஓர் இளம் வன அதிகாரியைக் கொண்டுவந்தேன். அவன் தூக்கிச் செல்ல ஏதுவாக அவள் கணுக்காலைச் சுளுக்கவைத்தேன். ஒருவனை முதுகில் சுமந்தவளை இன்னொருவன் கையில் ஏற்றியவன் நான். அடுத்து வந்த தொலைக்காட்சிப் படத்தில் அவள் வெளுத்தாள், அருவியில் நனைந்து பாடினாள். இப்போது புலியை எட்டி உதைக்கிறாள். உடை, நிறம், பெயர் எல்லாம் மாறிவிட்டன, சுளுக்கு மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் ‘கதை’ என்ற இடத்தில் என் பெயர்.

அந்தத் தொலைக்காட்சிப் படம் வந்த சமயத்தில் வானொலி நண்பர்கள் குடும்பங்களோடு ஓர் அருவிக்குப் போனோம். மரங்களுக்கிடையில் என் மனைவி பின்தங்கிவிட்டாள். "சரோஜா!" என்று உரக்கக் கூப்பிட்டேன். அவள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

"காட்டுல பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களா? கேட்டு வெச்சிக்கிட்டு அப்பறம் அதுவே கூப்பிடும். கூப்பிடுறது நீங்கதான்னு நாமளும் போயிருவோம்."

"எது?"

"எதுவோ. ரெங்கத்துல வெறகு பொறுக்கப் போனாக்கூட நாங்க மரத்தத்தான் தட்டுவோம். இதுகூடவா தெரியாது ஒங்களுக்கு?"

தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அரசாங்கக் குமாஸ்தாவின் மகன் நான். காட்டை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன். ரெங்கம் தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளிடம் ஒரு தடவையும் கேட்காதவன். அன்றைக்கே டீச்சரிடம் போயிருக்கவேண்டும். படத்தைப் பாராட்டி எல்லோரும் என் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். போகவில்லை.

முடிவெட்டிக்கொண்டு வந்த மறுநாள் அந்தத் தொடரை எடுக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கதை என்னுடையதல்ல, மரகதம் டீச்சருடையது என்றேன். மறுமுனையில் ஓர் இளைஞர்.

"ஒரிஜினல் இருக்கா, அங்கிள்?"

"பத்திரிகையக் கரையான் தின்னுடுச்சு. கையெழுத்துப் பிரதிய நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப எப்படி நம்புறது? இத்தன வருஷம் ஏன் சும்மா இருந்தீங்க? அந்த ஆன்ட்டி உங்களுக்கு என்னா வேணும்?"

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் அது என் தொண்டையில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். டீச்சர் பெயர் வரவில்லை. ‘செவிவழிக் கதையைத் தழுவியது’ என்று போட்டிருந்தார்கள்.

அதன்பிறகுதான் காஹாங் போனேன். டீச்சர் கைத்தடியோடு வாசலுக்கு வந்தார். வயது அவரைச் சுருக்கியிருந்தது, வாயைச் சுருக்கவில்லை.

"யாரு, மோப்ப நாயா? இவ்ளோ தூரம் மோந்துக்கிட்டே வந்தீங்களா?"

"உங்க கதைய நீங்கதான் எழுதினீங்க, டீச்சர். நான் அநியாயமாச் சொல்லிட்டேன்."

"அது எனக்குத் தெரியுமே, சார். வேற ஏதாச்சும் புதுசா இருக்கா?"

குடிக்க மைலோ கொடுத்தார். நிறுவனம் செய்ததைச் சொன்னேன். செவிவழி என்பதைக் கேட்டுச் சிரித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துல காப்பி டீச்சர்னு கூப்பிட்டாங்க. அதக்கூடத் தாங்கிக்கிட்டேன். அப்பறம் பேனா எடுத்தா, இது நாம எழுதுறதா, இல்ல எங்கியாச்சும் படிச்சதான்னு எனக்கே சந்தேகம் வந்துரும். வெச்சிடுவேன்."

மைலோ கோப்பையைக் கீழே வைத்தேன். "முடிவ எழுதித் தாங்க, டீச்சர். உங்க பேர்ல நான் அச்சடிக்கிறேன். பாக்கியம் வெளிய வந்தாளா?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். சொன்னா அவ இன்னொரு காலையும் சுளுக்க வெப்பீங்க."

விடைபெற்றுத் தெருமுனைக்குப் பாதி வழி நடந்திருப்பேன். பின்னால் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. திரும்பினேன். டீச்சர் கைத்தடியால் வேலி மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மறு கையில் நான் மறந்துவிட்டு வந்த குடை.

திரும்பிப் போய் வாங்கிக்கொண்டேன். என்னை மன்னித்துப் பாக்கியத்தின் காட்டுக்குள் சேர்த்துக்கொண்டாரா, அல்லது என் பெயரை வாயால் சொல்லப் பிடிக்கவில்லையா? இதையும் நான் கேட்கவில்லை. வேலிக்குப் பின்னால் அவர் எழுதிய அந்தக் காடு இருந்த இடத்தில், செம்பனை வரிசை வரிசையாக நின்றது. அங்கே இனி யாரும் எந்தப் பெயரையும் எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் கத்தலாம். கேட்டு வைத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.