விரதம் முடித்து எடுத்த ரத்தம்

என் கணவரின் இரண்டு கண் இமைகளிலும், மூக்கை ஒட்டிய மூலையில், மஞ்சளாகத் திட்டுகள் இருந்தன. தொட்டால் வலிக்காது. "முருகன் வெச்ச சந்தனம்டா" என்று மாமியார் பூரித்துப்போவார். மாமனார் நாற்பதைத் தாண்டாதவர். ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று அதை அத்தோடு முடித்துவிட்டார்கள்.

எனக்குச் சுங்கை காடுட் டவுனில் ஃபேக்டரி வேலை. ஒருநாள் கேன்டீனில் ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஒருவர், நர்ஸ், வந்து பேசினார். ரத்தத்தில் கொழுப்பு ஏறினால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு என்றார். சிலருக்கு மட்டும் இமையில் மஞ்சள் படியுமாம். அப்பா இளவயதில் மாரடைப்பில் போயிருந்தால் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். சோற்றைப் பாதியில் மூடிவைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். "எலும்பும் தோலுமா இருக்கேன். நாற்காலியில உட்கார்ற ஆபீஸ் கிராணிக்கு வர்ற சீக்குடி அது. செம்பனைக் குலை ஏத்துற டிராக்டர்காரனுக்கு எங்கேருந்து கொலஸ்ட்ரோல்?"

நான் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார், ஆனால் தேதியை அவரே குறித்தார். வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர். ஒரு மண்டலம் கவிச்சி தொடமாட்டார், பாயில்தான் படுப்பார். "உடம்பு சுத்தமா இருக்கிறப்ப எடுத்தாதான் சரியா காட்டும்லா" என்று பூசம் முடிந்த கையோடு கிளினிக்குக்குப் போனார். எனக்கு அன்று ஷிப்ட். என்ன சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "சைவந்தான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பொய் என்று அவர் நினைக்கவே இல்லை. அளவு கொஞ்சம் கூடுதல்தான், இப்படியே சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரமே செம்பனைக் காட்டில் வேட்டையாடிய காட்டுப்பன்றி வீட்டுக்கு வந்தது. தோலும் கொழுப்புமாக வறுவல்.

"அது விரதத்தோட ரத்தம். இப்பப் போய் எடுங்க பார்ப்போம்!" என்று கத்தினேன்.

"சாமியே பாஸ் போட்டு அனுப்பிட்டாரு, நீ யாருடி ஃபெயில் பண்ண?" வறுவல் சாப்பிட வந்திருந்த கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அந்தச் சட்டியைத் தூக்கி அவர்கள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு பூசத்துக்கும் இதே கதைதான். நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. பிறகு ஒரு வருடம், தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கோயில் மேட்டுக்கு ஏறும்போது பாதியில் நின்று கெண்டைக்காலைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தார். நின்றால் வலி போய்விடுகிறது, நடந்தால் வருகிறது என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. காலுக்குப் போகிற ரத்தக்குழாயும் கொழுப்பில் அடைக்கிறதோ என்று பயந்து, இப்போதே கிளினிக்குக்குப் போகலாம் என்று அழுதேன்.

"பூசம் முடியட்டும்லா."

அந்தப் பூசத்துக்கு அவர் மாலை போடவில்லை. அதற்கு முன்பே ஒரு காலையில், குலைகளை இறக்குவதற்குள், டிராக்டரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்துவிட்டார்.

"ஒரு நாள் படுக்கல. நோய்நொடி இல்லாம போயிட்டாரு. முருகனுக்குச் செஞ்சது வீண்போகல" என்றார் ஒரு பெரியவர். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"நோய் இருந்துச்சு! அத்தன பேரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தீங்க!" என்று அலறினேன். துக்கத்தில் உளறுகிறாள் என்று யாரோ ஒரு டம்ளர் மைலோவை என் கையில் திணித்தார்கள்.

கருமாதி முடியும்வரை வாசல் தாண்டக்கூடாது என்றார்கள். நான் எங்கள் மகனை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினேன்.

"இப்ப துக்க வீட்டுச் சாப்பாடும்மா. காய்கறிதான். கம்மியாதான் காட்டும், நீங்கதானே சொல்வீங்க?"

"காட்டட்டும். பிறகு இன்னொரு தடவ எடுப்போம். வாய்யா."

முடிவு வந்த அன்று டாக்டர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அப்பா எந்த வயதில் இறந்தார் என்று கேட்டார். சொன்னேன். தாத்தா? அதையும் சொன்னேன்.

இரண்டாவது தடவை எடுக்கத் தேவைப்படவில்லை. அப்பாவுக்கு ஒருபோதும் காட்டாத அளவு மகனுக்குக் காட்டியிருந்தது. அவனுக்கு இருபத்து மூன்று வயது.