ஆறு மணி நேரம் முந்தி ஓடிய சர்வர்

போன வெள்ளிக்கிழமை ஒரு கடிகாரத்தைத் திருத்தினேன். அதனால் ஒரு பெரியவரை அழவைத்துவிட்டேன்.

என்னடா இது, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் கடிகாரக் கடை வைத்துவிட்டானா என்று கேட்காதீர்கள். சொல்கிறேன்.

என் மனைவியின் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குப்பம். அங்கே மீனவர் சங்க ஆபீஸில் ஒரு கிழட்டு சர்வர். உப்புக் காற்றில் துருப்பிடித்து, தொட்டால் கையெல்லாம் காவி. அதன் ஃபேன் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவி கேட்காது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது பாருங்கள்... அதுதான் ஆச்சரியம்.

"அது எப்போ வேணா மண்டையப் போட்டுடும். எங்க ஊரு மாப்ளனு பேரு மட்டும் இருந்தாப் போதுமா? போய்ப் பாருங்க" என்றாள் மனைவி. போனேன். போகாமல் இருக்க முடியுமா?

அந்த சர்வருக்கு ஒரே வேலைதான். ஏரியில் எறால் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம், படகுகள் நிறைய. அதனால் முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். இன்றைக்கு எந்த இடம் யாருடைய பாடு என்று சர்வர் கணக்குப் போட்டு, சுவரில் மாட்டியிருக்கிற டிவியில் காட்டும். ஒரு பாடு போனால் அடுத்தது வர மூன்று வாரம் ஆகும். மழையில் போனால் போனதுதான். இன்னொரு விதியும் உண்டு — தொடர்ந்து மூன்று பாடு வராதவர் பெயரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். மறுபடி சேர வேண்டுமென்றால் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும். மானஸ்தர்களுக்கு அது லேசான காரியமா?

அந்த ப்ரோக்ராமை எழுதிக்கொடுத்த இன்ஜினியர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ, யாருக்கும் தெரியாது. புது மெஷினில் அதை முதலிலிருந்து போட வழியில்லை. பழைய சர்வரின் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை ஒன்று விடாமல் நகலெடுத்து, ஒரே ஃபைலாக்கி, புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு வர்ச்சுவல் மெஷினாக ஓடவிடுவதுதான் ஒரே வழி. உள்ளே இருக்கிற ப்ரோக்ராமுக்குத் தான் வீடு மாறியதே தெரியாது.

அந்த சர்வரை இத்தனை வருஷமாகக் கட்டிக் காப்பாற்றியவர் சங்கத்து கிளார்க் அஞ்சலை அக்கா. என் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா. அன்றைக்குப் பார்த்து எளாவூரில் ஒரு கல்யாணம் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு நகலெடுத்து முடித்தேன். அப்போதுதான் கவனித்தேன். பழைய சர்வரில் மணி இரவு பத்து! நாலு நாள் மழைக்குப் பிறகு வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, இது இரவு பத்து என்கிறது. உள்ளே பேட்டரி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புது மெஷினில் ஏற்றியதும், அது தானாகவே சரியான நேரத்தை எடுத்துக்கொண்டது. டாண்ணு நாலு மணி. "வீடு மாறினதும் புத்தி வந்துடுச்சு பார்" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கிழட்டு சர்வரை ஆஃப் செய்தேன். எனக்கு நானே கை தட்டாத குறை!

ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டிவியில் 'முகத்துவாரம் — கன்னியப்பன்' என்று இருந்தது. கன்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"மழைல பூட்ச்சுனு நெனச்சேன். இன்னும் எம் பேர்தான் கீது!" என்று படகைப் பார்த்து ஓடினார்.

பின்னாலேயே தேசப்பன் மாமா வந்தார். கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தவர். அதில் இரண்டு பாடு போய்விட்டது. மூன்றாவதற்கு, இன்னும் லேசாகத் தாங்கித் தாங்கி நடந்து, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டிவியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"இதான் லிஸ்ட்டா மாப்ள?"

"ஆமா மாமா. புது மெஷின். தப்பே வராது" என்றேன். என் வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ள?

"ரெண்டு தபாதான வர்ல... மூணுனுதான சொன்னாங்கோ" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். கண் கலங்கிவிட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பி நடந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அஞ்சலை அக்கா வந்தார். கல்யாணப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. டிவியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"யாரு கடியாரத்துல கை வெச்சது?"

"நான்தான்க்கா. ஆறு மணி நேரம் ஃபாஸ்ட்டா ஓடிட்டிருந்தது. சரி பண்ணிட்டேன்."

"இன்னா மாப்ள நீங்க! அது ஃபாஸ்ட்டாதான் ஓடணும். எங்களுக்கு நாளு நடுராத்திரிலயா பொறக்குது? சாய்ந்தரம் ஆறு மணிக்குப் பாடு மாறும். எழுதிக் குடுத்த மனுசன் அது தெரியாம பன்னண்டு மணிக்கு மாத்தற மாரி எழுதிட்டுப் பூட்டாரு. ப்ரோக்ராம திருத்த எனுக்குத் தெரியாது. கடியாரத்தத் தள்ளி வெக்கத் தெரியும்... வெச்சேன். அது நவுரக் கூடாதுனு வருசா வருசம் பேட்டரி மாத்திகினு கீறேன்!"

எனக்கு வேர்த்துவிட்டது. ஆறு மணிக்கே சனிக்கிழமை பிறந்திருக்க வேண்டும். நான் வெள்ளிக்கிழமையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன்! அவசர அவசரமாக, வெளி நேரத்தைப் பின்பற்றுகிற செட்டிங்கை எடுத்துவிட்டு, கடிகாரத்தை ஆறு மணி நேரம் தள்ளினேன். டிவி ஒரு முறை சிமிட்டியது.

'முகத்துவாரம் — தேசப்பன்.'

ஓடினேன். இந்த உடம்போடு நான் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தேசப்பன் மாமா ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா! உங்க பேர் இருக்கு! தப்பு என்னோடது!"

"எடுக்கலியா?"

"எடுக்கல மாமா. இன்னிக்கு உங்க பாடு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அதை எடுக்கவே இல்லை. இத்தனை வருஷ வேலையில் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

தண்ணீரில் கொஞ்ச தூரம் போயிருந்த கன்னியப்பன் எங்கள் கூச்சலைக் கேட்டுப் படகைத் திருப்பினார். விஷயத்தைச் சொன்னேன்.

"அட... உன் பாட்டுல நான் போயி வல கட்டுனா ஊரு என்ன உட்டு வெக்குமா? வா மாமா, எம் படகுலயே போலாம். கழிய நான் ஊனறேன். உன் கால வெச்சிகினு நீ ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார் தேசப்பனிடம். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "பொண்ணு குடுத்துட்டோமேனு உடறேன் மாப்ள!"

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பழைய சிஸ்டத்தில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்தால் 'எவனோ தெரியாமல் செய்திருக்கிறான்' என்று சிரித்துவிட்டுத் திருத்திவிடுவோம். யாரோ ஒருவர் எல்லாம் தெரிந்தே செய்திருக்கலாம் இல்லையா? அந்த ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்தால், திரும்பி வரும்வரை காத்திருப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

மறுநாள் காலையில் தேசப்பன் மாமா ஒரு வாளியோடு ஆபீஸுக்கு வந்தார். பாதி வாளி எறால், இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.

"எம் பேர எடுத்ததும் நீங்கதான், போட்டதும் நீங்கதான். புடிங்க" என்றார். சிரித்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது பார்த்தேன். புதுக் கம்ப்யூட்டரின் நெற்றியில் அஞ்சலை அக்கா கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: 'கடிகாரம் சரியாக ஓடுகிறது. மாப்பிள்ளை தொடக் கூடாது.'