ஞாயிற்றுக்கிழமை பிரதர்

அடையாறு பஸ் நிறுத்தத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் ஏசுவடியான். 1972இல் சபைக்குப் புதிதாக வந்த பேராசிரியர் ஐசக், ஞாயிறுதோறும் இவர் கையைப் பிடித்து "பிரதர்" என்பார். ஏசுவடியானுக்கு நம்பிக்கை வரவில்லை. கோயிலுக்குள் ஒட்டும் உறவு வாசலைத் தாண்டுமா?

ஒருநாள் ஐசக்கை மடக்கினார். "நம்ம வூட்ல ஒரு வாய் துன்னுவீங்களா, பிரதர்?"

"அதுக்கென்ன, இப்பவே வரேன்."

மனைவி எஸ்தர் பயந்துகொண்டே மீன்குழம்பு ஊற்றினாள். ஏசுவடியான் சோற்றைத் தொடாமல் விருந்தாளியின் முகத்தையே வேவு பார்த்தார். சும்மா பேருக்குக் கொறிக்கிறாரா? எங்கேயாவது முகம் சுளிக்கிறதா?

ஐசக் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, அண்ணி."

சபையில் யாரும் எஸ்தரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏசுவடியான் தன் சோற்றில் கை வைத்தார்.

"தம்பிக்கு மீனும் வையி," என்றார்.