தட்டில் வைத்த புத்தகங்கள்

இப்போது அதற்குக் கலைவழி ஆய்வு என்று பெயர். பெண்ணிய ஆய்வு என்றும் சொல்கிறார்கள். கருத்தரங்குகளில் என்னை மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, "பெண்களின் வாழ்க்கையைத் துணியில் படித்த பேராசிரியர்" என்று அறிமுகப்படுத்துவார்கள். எனக்குப் புன்னகை வராது. பக்கத்தில் இருப்பவரை நறுக்கென்று கிள்ளலாமா என்றுதான் தோன்றும். நான் ஆரம்பித்தபோது இதற்குப் பெயரே கிடையாது. "டீச்சருக்கு வேற வேலை இல்ல" என்பதுதான் பெயர்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் பயிற்சி முடித்து வந்த புது டீச்சர். ஊரெல்லாம் கொடி கட்டி மெர்டேக்கா, மெர்டேக்கா, விடுதலை, விடுதலை என்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் ஆறாம் வகுப்பிலோ பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் தீர்ந்தது கதை. தென்னை ஓலையில் குடிசை கட்டி உட்கார வைப்பார்கள், தாய்மாமன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவருவார், ஊரைக் கூட்டிச் சோறு போடுவார்கள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது.

அப்படி நின்றவள்தான் நான் சொல்லப்போகிற பெண். வகுப்பில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கணக்கைப் பலகையில் எழுதி முடிக்குமுன் பின்னாலிருந்து விடை வரும். வருஷக் கடைசிப் பரீட்சையை மட்டும் எழுதிவிட்டால் அடுத்து இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போய்விடுவாள். எழுதாவிட்டால் அடுப்படிதான்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் அப்பா பி.டபிள்யூ.டி.யில் ரோடு போடுகிறவர். நல்ல மனிதர்தான், அதில்தான் எனக்கு எரிச்சல். "நான் என்ன வேணாம்னா சொல்றேன் டீச்சர்? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ஸ்கூல் கமிட்டித் தலைவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே அனுப்பிடறேன்" என்றார். அம்மாவிடம் திரும்பினேன். "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அதே ஒண்ணுமில்ல டீச்சர்தான். வாசலில் ஆம்பிளை நிற்கும்போது அவள் வேறு என்னத்தைச் சொல்வாள்!

கமிட்டித் தலைவர் டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்கே போய் விஷயத்தைச் சொன்னேன். "பார்க்கலாம் டீச்சர், பார்க்கலாம்" என்றார். மறுபடி போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் பார்க்கலாம் என்றார். என்னத்தைப் பார்ப்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காதில் போட்டால் ஏறவில்லை, கண்ணில் காட்டிப் பார்ப்போம் என்ற யோசனை அந்தக் கோபத்தில் வந்ததுதான். தையல் வகுப்பு என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பெண்களை என் வாடகை வீட்டுக்குக் கூப்பிட்டேன். தையல் என்றதும் எந்த வீட்டு ஆம்பிளையும் தடுக்கவில்லை. அம்மாக்களும், பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைகளும் வந்தார்கள். வெளுத்த மாவு மூட்டைத் துணியைச் சதுரமாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, "பூ வேண்டாம், மயில் வேண்டாம். நீங்க ஸ்கூல விட்டு நின்ன நாள் எப்படி இருந்துச்சோ அதைத் தைங்க" என்றேன். கொஞ்ச நேரம் முழித்தார்கள். அப்புறம் ஊசியில் கண்ணை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள், அடேயப்பா! எந்தக் கேள்விக்கும் வராத பேச்செல்லாம் வந்தது. அன்று கண்டதைத்தான் பின்னால் ஆய்வுமுறை என்று சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. தைத்தாள். நடுவில் ஓலைக் குடிசை, உள்ளே தலை குனிந்த ஒரு சின்ன உருவம். சுற்றிலும் வரிசையாகப் பெண்கள், கையில் சீர்த்தட்டு. தட்டில் பழமும் வளையலும் இல்லை. சிலேட்டு, புத்தகம், பென்சில் டப்பா. எல்லார் கால்களும் குடிசைக்கு வெளியே திரும்பியிருந்தன. "ஏன் இப்படித் தைச்சே?" என்று கேட்டதற்கு, "கொண்டு வரலை டீச்சர். எடுத்துட்டுப் போறாங்க" என்றாள்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா மலாக்கா செட்டி, தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து தமிழை மறந்த வம்சம். நெற்றியில் விபூதி, வாயில் மலாய். தமிழில் நாலு சொல் தெரிந்தால் அதிகம். எட்டிப் பார்த்துவிட்டு, "கசியான், ஐயோ பாவம், பிள்ளையோட புத்தகத்தையெல்லாம் தூக்கிட்டுப் போறாங்களே" என்று மலாயில் பரிதாபப்பட்டாள். அவளுக்கே புரிகிறது, தலைவருக்குப் புரியாதா என்று நான் நம்பினேன்.

சுதந்திர நாளுக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தோம். துணிகளை வரிசையாகக் கயிற்றில் மாட்டி, அந்தப் பெண்ணுடையதை நடுவில் மாட்டினேன். அவள் வெள்ளைச் சட்டை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு வந்திருந்தாள். அவள் அப்பாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் அந்தத் துணிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அவர் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "முடிச்சே தெரியல! என்ன கை, என்ன கை!" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"பாருங்க, சடங்கையும் சரஸ்வதி பூஜையையும் ஒரே துணியில கொண்டாந்துட்டா இந்தப் பொண்ணு! தட்டில புத்தகத்தை அடுக்கி எப்படிப் பூஜைக்கு எடுத்துட்டுப் போறாங்க பாருங்க. சுதந்திரம் வந்தாலும் நம்ம பண்பாட்டை விடலை. இவளைப் பெத்தவர் எங்கே? மேல வாங்க!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ரோட்டில் தார் ஊற்றுகிற மனிதரை மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். நான் பின்னாலேயே ஓடி, "ஐயா, அது பூஜை இல்லை. அவ படிப்பை நிறுத்தினதை அவ தைச்சிருக்கா. அவ ஸ்கூலுக்கு வரணும், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்குக்குப் பக்கத்தில் நின்றே சொன்னேன். முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். தலைவர் சிரித்துக்கொண்டே குனிந்து, மேடையோரம் நின்ற அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"ஸ்கூலுக்கு வரணும்."

"வா, வா! தாராளமா வா! இதே மாதிரி இன்னும் நாலு தைச்சு எடுத்துட்டு வா. ஆபீஸ் ரூம் சுவத்துல மாட்டிடுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். தன் கடையிலிருந்து அவளுக்கு ஒரு தையல் மிஷின் பரிசு என்று அந்த இடத்திலேயே அறிவித்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷக் கண்ணீர். மறுநாள் அவரிடம் போனேன். "தலைவர்தான் சொல்லிட்டாரே டீச்சர், கையில தொழில் இருக்குன்னு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தப் படத்தில் ஒன்றையும் மறைக்காமல்தான் அவள் தைத்திருந்தாள். பார்த்தவர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் பார்த்தார்கள். இதை நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் என் ஆய்வேட்டைப் புரட்டிய பெரிய மனிதர், "இது ஆய்வாம்மா, கைவேலையா?" என்று கேட்டார். பதவி உயர்வுக் குழுவில் இருந்தவர், "படங்கள் ரொம்ப அழகு" என்றார். படங்களில் ஒருத்தி அடி வாங்கிக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழகாம்! வாயில் வந்த வார்த்தையை விழுங்கி விழுங்கியே நான் பேராசிரியர் ஆனேன்.

அந்த வருஷம் பரீட்சை நடந்தது. அவள் பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்து எழுதினார்கள். வருஷக் கடைசி லீவுக்குப் பள்ளி மூடியதும் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே மிஷின் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே. மிஷின்மேல் நீலத்துணி கிடந்தது. கான்வென்ட் பிள்ளைகள் போடுகிற பினஃபோர்.

"யாருக்குடி இது?"

"தலைவர் வீட்டுப் பொண்ணுக்கு டீச்சர். அதுவும் இந்த வருஷம்தான் வயசுக்கு வந்துச்சாம். ஜனவரியில கான்வென்ட்ல சேருது. கடையிலிருந்து துணி குடுத்து அனுப்பியிருக்காங்க."

"அளவு எடுக்க அந்தப் பொண்ணு இங்க வந்துச்சா?"

"இல்ல டீச்சர்." துணியை எடுத்து மடிப்பை நீவிவிட்டாள். "அதுவும் நானும் ஒரே உசரம். நானே போட்டுப் பார்த்துத் தைச்சேன்."