அப்பாவின் ரத்தமும் ஸ்பிரே செக்‌ஷனும்

"தம்பி, உங்க அண்ணன் போய்ட்டார்" என்று அண்ணி தொலைபேசியில் சொன்னபோது, "எங்கே?" என்றுதான் கேட்டேன். அண்ணன் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துபோவதும் நாங்கள் தேடி அலைவதும் சில ஆண்டுகளாக வழக்கமாகியிருந்தது. இம்முறை காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் விழுந்து கிடந்திருக்கிறார். மாரடைப்பு என்றார்கள்.

சேகர் அண்ணனை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். சாவு வீட்டில் உங்களில் பலர் ஒரே வாக்கியத்தைச் சொன்னீர்கள்: "அப்பன் ரத்தம், விடுமா?" எங்கள் அப்பாவும் கடைசிக் காலத்தில் எல்லாரையும் சந்தேகித்தார், தட்டை வீசினார், எங்கோ நடந்துபோனார். இதை மறுக்க எனக்குத் துணிவில்லை. ஐம்பத்து நான்கு வயதாகிறது. வகுப்பில் ஒரு மாணவனின் பெயர் நாக்கில் வராமல் நின்றால், கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

ஆனால் சிறுவயதில் அப்பாவை உரித்துவைத்திருந்தவன் நான் என்பதை மறந்துவிட்டீர்கள். பம்பரம் தராத ஒருவனின் மண்டையை உடைத்தேன். அவன் தாய் சண்டைக்கு வந்தபோது அண்ணன் குறுக்கே போய், "நான்தான் அடிச்சேன் அத்தை" என்றார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீயா? எறும்பு கடிச்சாகூட தட்டிவுடமாட்ட. எங்க அந்தப் பேஜார் புடிச்சவன்?"

ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அவர் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் ஸ்பிரே செக்‌ஷனுக்குப் போனார். பதப்படுத்திய தோலுக்கு வண்ணமும் பளபளப்பும் அடிக்கும் கொட்டகை அது. முகமூடிக்குப் பதிலாக ஆளுக்கொரு வெல்லத் துண்டு கொடுப்பார்கள். நெஞ்சில் இறங்கியதை வெல்லம் கழுவிவிடுமாம். தொழிலாளிகள் அதை நம்பினார்கள். முதலாளி நம்பினாரா, தெரியாது. தம் மகனை அவர் அங்கே நிறுத்தவில்லை. கையில் ஒட்டிய சாயத்தை நெடியடிக்கும் தின்னரில் கழுவிவிட்டுச் சோறு தின்றார்கள்.

"அந்த நாத்தம் தலைக்கு ஏறலையாண்ணா?"

"ஏறும்டா. ஜாஸ்தி ஏறினா பசியே தெரியாது, சோறு மிச்சம். உனக்கு இன்னா, சாக்பீஸ் தூளு" என்று சிரித்தார்.

இருபது வருடங்களுக்கு மேல் அப்படிச் சிரித்தவர், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். முதலில் மறதி வந்தது. அதன்பின் கோபம். ஒருநாள் அண்ணியை அடித்துவிட்டு, தம் கையையே யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாகாயத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். "ரத்தமும் இருக்கலாம், வேலையும் இருக்கலாம். ஒரே ஆள வெச்சு எது எவ்ளோன்னு பிரிக்க முடியாது சார். ரெண்டும் ஒருத்தர்கிட்ட சேர்றதுதான் பயம்" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் அண்ணன் தெளிவாகப் பேசினார்.

"டேய், அப்பாவுது என் பையனுக்குள்ளயும் இருக்கும் இல்ல?"

"இருக்கலாம்ண்ணா."

"அத எடுத்துப் போட முடியாது. அவன அந்த ஷெட்டுக்கு மட்டும் அனுப்பாத."

அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சாவுக்கு மாலையோடு வந்த சூப்பர்வைசர், அண்ணன் மகன் தினேஷின் தோளில் கைவைத்து, "அப்பா எடம் உனக்குத்தாம்பா" என்றார். இறந்தவர் நின்ற இடத்தில் மகனை நிறுத்துவது அந்தக் கம்பெனியின் வழக்கம். நீங்கள் அதைப் பெருந்தன்மை என்றீர்கள்.

காரியம் முடிந்ததும் தினேஷ் என்னிடம் வந்தான். "திங்கக்கெழம சேர்றேன் சித்தப்பா."

"உங்கப்பா வேணாம்னு சொன்னாருடா."

"அது ரத்தத்துல வந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்களே. அப்ப ஷெட்டு இன்னா பண்ணுச்சு?"

நீங்கள் ஆறுதலுக்காகச் சொன்ன சொல்லை நம்பி அவன் உள்ளே போகிறான்.

அண்ணன் விட்டுச்சென்றதில் அவருடைய பயத்தை நான் எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் நிற்பேன். நான் ஒருவன் சொன்னால் தினேஷ் கேட்கமாட்டான். சாவு வீட்டில் பேசியவர்கள் அங்கே வாருங்கள். வந்து, சொன்னதை அவனிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.